ஓலை பின்னினால் ஆட்கள் தானாகச் சேர்ந்துவிடுவார்களா? (பினாங்கு மாநிலத்துப் பிறை ஊர், அடுக்குமாடிப் பட்டறை)

பிறை மாடிவீடு | 12 பிப்ரவரி 2025, இரவு 10:40

நேற்றுத் தைப்பூசத்தில் தண்ணீர்மலை ரோடு முழுக்கத் தண்ணீர்ப்பந்தல்களில் குருத்தோலைத் தோரணம் பார்த்தேன். அதே குருத்தோலையில்தான் எங்கள் கீழ்மாடி மக்சிக் (மலாய் அத்தை) நோன்புப் பெருநாளுக்குக் கெத்துபாட் கூடு (அரிசி போட்டு அவிக்கும் ஓலைக்கூடு) பின்னுகிறார். ஒரே ஓலை, இரண்டு கைவேலை. மார்ச் 23, ஞாயிறு, கீழ்த்தளக் கூடத்தில் ஒரு பட்டறை வைக்கலாம் என்று இருக்கிறோம். 24 பேர் வருவார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர், பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மியன்மார், வங்காளதேசத் தம்பிகள் சிலர், காது கேளாத இளைஞர்கள் நால்வர், பார்வையற்றவர் இருவர், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், ஆட்டிசம் உள்ள பையன்கள் இருவர். கையில் ஓலையைக் கொடுத்து ஒன்றாக உட்கார வைத்தாலே ஆட்கள் பழகிவிடுவார்கள் என்பது என் கட்சி. சரியா? என்னென்ன வாங்க வேண்டும்?

குருத்து | 13 பிப்ரவரி, காலை 6:55

கட்சி பாதி சரி. ஒன்றாக உட்கார வைத்தால் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். தெரிந்தவர் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஆளுக்கு ஒரு கூட்டோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே இதைச் சொல்லிவிட்டார். வேறுபட்ட கூட்டங்கள் சந்திப்பதால் மட்டும் மனத்தடை குறையாது. நான்கு விஷயம் இருந்தால் குறைய வாய்ப்பு அதிகம். அங்கே எல்லாருக்கும் சமமான இடம், ஒரே இலக்கு, அந்த இலக்கை அடைய ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுவது, மேலே இருப்பவர்களின் வெளிப்படையான ஆதரவு. உங்கள் திட்டத்தில் இப்போதைக்கு இருப்பது இலக்கு ஒன்றுதான். அதுவும் ஆளுக்கு ஒன்று.

அதனால் வேலையை நிலையம் நிலையமாகப் பிரியுங்கள். ஒரு மேசையில் ஓலை தேர்வு, அடுத்ததில் ஈர்க்கு உரிப்பு, மூன்றாவதில் பின்னல், நான்காவதில் இறுக்குவதும் நுனி வெட்டுவதும். ஒரு மேசை நின்றால் அடுத்த மேசை நிற்கும். ஆள் ஆளைத் தேட வேண்டி வரும்.

ஓலைக் கணக்கு: ஆளுக்கு ஐந்து கூடு (முதல் இரண்டு கட்டாயம் கெடும்), கூட்டுக்கு இரண்டு ஓலை, 24 பேருக்கு 240.

பிறை மாடிவீடு | 13 பிப்ரவரி, பகல் 1:10

240 ஓலையா! மக்சிக் சிரிக்கிறார். ஓர் ஓலையே ஒரு கூட்டுக்குப் போதும் என்கிறார்.

குருத்து | 13 பிப்ரவரி, மாலை 7:20

மக்சிக் சொல்வதுதான் சரி. நான் எழுதியது தவறு. கூட்டுக்கு வேண்டியது இரண்டு பட்டை. ஓர் ஓலையின் நடு ஈர்க்கை உரித்தால் இரண்டு பக்கமும் இரண்டு பட்டை கிடைக்கும். ஆக 120 ஓலை. ஒரு குருத்து மட்டையில் அதற்கு மேலேயே ஓலை இருக்கும், ஆனால் நுனிப்பக்கத்து ஓலைகள் குட்டை, சுற்றுவதற்கு எட்டாது. பட்டை 70 செ.மீ. நீளமாவது வேண்டும். அதனால் இரண்டு குருத்து எடுங்கள். வெட்டுகிறவரிடம் ஒரே மரத்தில் இரண்டையும் வெட்ட வேண்டாம், வளர்முனைக்குக் கிட்டே கத்தியைக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லுங்கள். முனை போனால் தென்னையே போய்விடும்.

இளமஞ்சளாக இருப்பது தோரணத்துக்கு அழகு. கெத்துபாட்டுக்கு வெளிர்பச்சை ஏறத் தொடங்கியது நல்லது, அவிக்கும்போது கிழியாது. வெட்டிய உடனே பின்னினால் மடிப்பில் வெடிக்கும். நிழலில் ஒரு மணி நேரம் போட்டு வாடவிட்டால் வளைந்து கொடுக்கும். முதல் நாளே வெட்டினால் ஈரத்துணியில் சுற்றி பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டியில் வைத்த ஓலை வெளியே எடுத்தால் துவண்டுவிடும்.

கைமொழி | 14 பிப்ரவரி, இரவு 11:05

காது கேளாதவர்கள் இருக்கும் பட்டறைகளில் மொழிபெயர்ப்பது என் வேலை. எல்லா இடத்திலும் நடக்கும் ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

சொல்லிக்கொடுப்பவர் பேசிக்கொண்டே பின்னுவார். "இப்படி மேலே, இப்படிக் கீழே." காது கேட்பவர் கண்ணை ஓலையில் வைத்துக் காதால் கேட்பார். காது கேளாதவருக்கு இரண்டுக்கும் ஒரே கண்தான். என் கையைப் பார்த்தால் ஓலை தவறும், ஓலையைப் பார்த்தால் விளக்கம் தவறும். மூன்றாவது படியில் தொலைந்துவிடுவார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவர் "பாவம்" என்று வாங்கிப் பின்னிக் கொடுப்பார். அதோடு அன்றைய பட்டறை அவருக்கு முடிந்தது.

சொல்வது, காட்டுவது, செய்வது மூன்றையும் பிரித்துவிடுங்கள். சொல்லும்போது எல்லார் கையும் சும்மா இருக்கட்டும். காட்டும்போது யாரும் பேச வேண்டாம். செய்யும்போது புதிதாக எதையும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் இந்தச் சுற்று. கூடுதலாக 15 நிமிடம் பிடிக்கும். காது கேட்பவர்களும் இதில்தான் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

மேசையைப் பிறை வடிவில் போடுங்கள். மொழிபெயர்ப்பாளர் முதுகுக்குப் பின்னால் சன்னல் இருக்கக்கூடாது, முகம் இருட்டாகிவிடும். இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், அரை மணிக்கு ஒருவராக மாறி மாறி.

இன்னொன்று. மலேசியச் சைகை மொழிதான் 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டத்தில் அங்கீகரிக்கப்பட்டது. இளைஞர்கள் அதைத்தான் பேசுவார்கள். ஆனால் பினாங்கில் காது கேளாதோர் பள்ளி 1954லேயே தொடங்கிவிட்டது; இங்குள்ள மூத்தவர்களிடம் பினாங்குச் சைகை மொழி இன்னும் இருக்கிறது. வயதானவர் யாராவது வருவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

குருத்து | 15 பிப்ரவரி, காலை 7:30

கைமொழி எழுதியதை அச்சடித்துக் கூடத்துச் சுவரில் ஒட்டலாம். அதோடு படிமாதிரிப் பலகை ஒன்று செய்யுங்கள்: ஆறு படிக்கும் ஆறு துண்டு ஓலையை அந்தந்த நிலையிலேயே நிறுத்தி அட்டையில் தைத்து வைப்பது. படம் வேண்டாம், உண்மையான ஓலை. காது கேளாதவர் பார்ப்பார், பார்வையற்றவர் தொடுவார், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்பது தெரிந்திருக்கும், வங்காளதேசத் தம்பிக்கு மொழியே வேண்டாம். மேசைக்கு ஒன்று வேண்டும், மொத்தம் நான்கு.

குருத்து | 17 பிப்ரவரி, இரவு 9:15

பாய். இதை மறந்துவிட்டேன்.

தோரணமும் கெத்துபாட்டும் நம் ஊரில் தரையில் பாய் விரித்துச் செய்யும் வேலை. கூடத்தில் பாய் விரித்தால் சக்கர நாற்காலிப் பெரியவர் மட்டும் எல்லார் தலைக்கும் மேலே தனியாக இருப்பார். முட்டி வலிக்காரர்கள் சுவரோரம் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, பாய் ஒதுக்கிவிட்டது.

எல்லாரும் மேசையில்தான். மேசைக்கு அடியில் தரையிலிருந்து 70 செ.மீ. காலி இடம் இருந்தால் சக்கர நாற்காலி உள்ளே நுழையும். கல்யாண மண்டபத்து வட்ட மேசை வேண்டாம், நடுக்கால் இடிக்கும். மடக்கு மேசை வாங்கும்போது குறுக்குக் கம்பி எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பெரியவருக்கு மூலையில் இடம் ஒதுக்காதீர்கள். அவர் பக்கத்தில் இரண்டு பேர், எதிரில் ஒருவர் இருக்க வேண்டும். மின்தூக்கி கெட்டுப்போனால் மேல்மாடிக்காரர் எப்படி இறங்குவார் என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

பிறை மாடிவீடு | 18 பிப்ரவரி, பகல் 12:20

பதிவுப் பாரம் தயாராகிவிட்டது: பெயர், அடையாள அட்டை எண், முகவரி, தொலைபேசி, இனம்.

குருத்து | 18 பிப்ரவரி, பகல் 12:45

அடையாள அட்டை எண்ணை எடுத்துவிடுங்கள். இனத்தையும் முகவரியையும் எடுத்துவிடுங்கள். இன்றே.

பிறப்புப் பத்திரம் இல்லாமல், நீல அட்டை (குடிமக்களின் அடையாள அட்டை) இல்லாமல் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த நம் ஆட்கள் இருக்கிறார்கள். சிவப்பு அட்டைக்காரர்கள் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள்) இருக்கிறார்கள். அகதிகள் இருக்கிறார்கள், மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு, அதனால் ஓர் எண்ணைக் கேட்டாலே அவர்களுக்கு வயிறு கலங்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள், ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஓலை பின்னுவதற்கு எதற்கு அட்டை எண்? கூப்பிடும் பெயர், எந்த மொழியில் பேசினால் வசதி, என்ன ஏற்பாடு வேண்டும். மூன்று கேள்வி போதும்.

மூன்றாவது கேள்வியை "உங்களுக்கு என்ன குறை" என்று கேட்காதீர்கள். "கூடத்தில் என்ன இருந்தால் உங்களுக்கு வேலை செய்ய எளிது" என்று கேளுங்கள். இதற்கு முட்டி வலிக்காரரும் பதில் எழுதுவார்.

படமும் அப்படித்தான். நெஞ்சில் ஒட்டும் வட்டத்தில் பச்சை என்றால் எடுக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. இதைக் கதவருகே அவரவரே எடுத்து ஒட்டிக்கொள்ளட்டும்.

கைமொழி | 18 பிப்ரவரி, இரவு 8:30

நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவரும் படம் எடுக்கலாமே அண்ணே. வட்டம் என்றால் எடுக்கலாம், சதுரம் என்றால் கூடாது என்று வைத்துவிடுங்கள்.

குருத்து | 18 பிப்ரவரி, இரவு 8:34

ஆமாம். வட்டம், சதுரம்.

குருத்து | 23 பிப்ரவரி, மாலை 5:50

பார்வையற்ற இருவருக்கும் ஒற்றைக் கைக்காரருக்கும் (பாரத்தில் ஒருவர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள்) செய்யவேண்டியவை.

முதலில் ஓலையைக் கொடுக்காதீர்கள். ரிப்பன் கொடுங்கள். 2 செ.மீ. அகலம், 80 செ.மீ. நீளம், இரண்டு வகை: ஒன்று வழவழப்பான சாட்டின், மற்றது சொரசொரப்பான சணல் நாடா. நிறமும் எதிரெதிராக இருக்கட்டும், மஞ்சளும் கருநீலமும், மங்கலாகத் தெரிபவருக்கு அது உதவும். ஓலையில் இரண்டு பட்டையும் விரலுக்கு ஒரே மாதிரி. எது மேலே போனது என்று தெரியாது. ரிப்பனில் விரல் சொல்லிவிடும். பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டை சும்மா கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள், அதன் ஓரம் விரலை அறுக்கும்.

சாட்டினை இடது உள்ளங்கையில் மூன்று சுற்று. சணலை அந்த மூன்று சுற்றுக்குள்ளே மேல், கீழ், மேல் என்று விடுவது. திரும்பி வரும்போது கீழ், மேல், கீழ். பார்வையற்றவரிடம் "இங்கே", "அப்படி" என்ற சொற்கள் செல்லாது. "கட்டைவிரல் பக்கம்", "சுண்டுவிரல் பக்கம்", "அடி", "நுனி" என்று சொல்லுங்கள். அவர் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. உங்கள் கை கீழே பின்னட்டும், அவர் கை உங்கள் கையின் மேல் லேசாக இருக்கட்டும். வேண்டியபோது எடுத்துக்கொள்வார், வேண்டாதபோது விட்டுவிடுவார். மேலிருந்து பிடித்தால் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது.

ரிப்பனில் இரண்டு கூடு வந்ததும் ஓலைக்கு மாறலாம். ஓலையில் அடிப்பக்கம் தடிப்பு, நுனி மெல்லிசு, அதுவே வழிகாட்டி.

ஒற்றைக் கைக்கு: 30க்கு 20 செ.மீ. பலகை, அதில் 8 செ.மீ. இடைவெளியில் இரண்டு மரக்குச்சி நட்டு, பலகையை மேசையோரம் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். உள்ளங்கைக்குப் பதில் அந்தக் குச்சிகளில் மூன்று சுற்று. ஒவ்வொரு மடிப்பையும் துணி கிளிப் பிடித்துக்கொள்ளும். பலகை ஒன்று செய்தால் போதாது, நான்கு செய்து எல்லா மேசையிலும் போடுங்கள். கை நடுங்கும் பாட்டியும் எட்டு வயதுப் பிள்ளையும் எடுத்துக்கொள்வார்கள். ஒருவருக்கு மட்டும் தனிக்கருவி இருந்தால் எல்லார் கண்ணும் அவர் மேல்தான் இருக்கும்.

குருத்து | 2 மார்ச், காலை 8:10

நோன்பு இன்று தொடங்கிவிட்டது. காலை 9:30 முதல் 11:30 வரை வையுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் நோன்பாளிக்குக் கை ஓடாது, வீட்டில் சமையலும் காத்திருக்கும். தண்ணீர், பலகாரம் எதுவும் மேசைக்கு வரவேண்டாம்; தேவைப்படுபவர்களுக்குப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள். ஆட்டிசம் பையன்களுக்கும் அதே அறை அமைதி மூலையாகும். அங்கே மின்விசிறி சத்தம் போடக்கூடாது, முழு வெளிச்சம் வேண்டாம். போவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைக்கிறது என்று ஒருவர் தனிச்செய்தியில் சொன்னார். நல்ல மனசு. ஆனாலும் அடுக்குமாடிக் கூடமே இருக்கட்டும். கோயிலாக இருந்தாலும் சூராவாக (முஸ்லிம்களின் சிறு தொழுகைக் கூடம்) இருந்தாலும் ஒரு சாரார் விருந்தாளி ஆகிவிடுவார்கள்.

குருத்து | 5 மார்ச், இரவு 11:50

பிப்ரவரி 13ஆம் தேதி நான் எழுதிய நிலையத் திட்டத்தை எடுத்துவிடச் சொல்கிறேன். நாலு நாளாக அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

நிலையம் நிலையமாகப் பிரித்தால் யார் எங்கே போவார்கள்? கை வேகமானவர் பின்னல் மேசைக்கு. பார்வையற்றவர், ஆட்டிசம் பையன், மொழி தெரியாத தம்பி மூவரும் ஈர்க்கு உரிக்கும் மேசைக்கு. "அவங்களுக்கு அது சுலபம்" என்று அன்போடுதான் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் ஈர்க்கு உரித்துவிட்டு, பின்னத் தெரியாமலே வீட்டுக்குப் போவார்கள். வெளியே இருக்கும் அதே ஏணியைக் கூடத்துக்குள்ளும் நட்டுவிட்டோம். ஆல்போர்ட் சொன்ன சமமான இடம் அங்கேயே போய்விட்டது. முறை மாற்றி உட்கார வைத்தாலும் சரிவராது. 20 நிமிடத்தில் பின்னல் கைக்கு வராது.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பு, லத்தீன் பிள்ளைகளைப் பள்ளிகளில் ஒன்றாகச் சேர்த்தபோது வகுப்பறையில் சண்டை. 1971இல் எலியட் ஆரன்சன் அங்கே பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்றத் துண்டுகளை மற்றப் பிள்ளைகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். யாரையும் அலட்சியம் செய்ய முடியாது, அவர் துண்டு இல்லாமல் பாடம் முடியாது.

நாம் பிரிக்க வேண்டியது உழைப்பை இல்லை, வித்தையை. பட்டறைக்கு முந்தின ஞாயிறு, மார்ச் 16, எட்டுப் பேரை மட்டும் கூப்பிடுங்கள்: காது கேளாத நால்வர், பார்வையற்ற இருவர், மியன்மார்த் தம்பி ஒருவர், சக்கர நாற்காலிப் பெரியவர். மக்சிக் அவர்களில் நால்வருக்குக் கெத்துபாட் சொல்லிக் கொடுக்கட்டும். மற்ற நால்வரும் தோரணம்; அந்த நால்வரில் ஒருவரான பெரியவரையே மற்ற மூவருக்கும் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். மங்கலத் தோரணத்துக்கு நான்கு குருவி (ஓலையில் மடிக்கும் குருவி வடிவம்), துக்க வீட்டுத் தோரணத்துக்கு மூன்று என்ற கணக்கு பந்தல் போடும் இளைஞர்களில் பலருக்கே தெரியாது. அந்தத் தலைமுறைக்குத் தெரியும்.

மார்ச் 23இல் அந்த எட்டுப் பேர்தான் ஆசிரியர்கள். மேசைக்கு இருவர், ஒருவர் கெத்துபாட், ஒருவர் தோரணம். மற்ற நால்வரும் அவர்களிடம் கேட்டே ஆக வேண்டும். மேசையின் இலக்கு ஒன்று: வாசலுக்கு ஒரு சரம், அதில் பத்துக் கெத்துபாட், பத்துத் தோரணம், ஒன்று விட்டு ஒன்று.

கைமொழி | 6 மார்ச், காலை 7:05

இது வேறு மாதிரி நாளாக இருக்கும். காது கேளாதவர் ஆசிரியராக இருக்கும் மேசையில் நான் பின்னால் நிற்கிறேன். முதல் அரை மணி நேரம் மொழிபெயர்க்காமலே விட்டுப் பாருங்கள். ஓலையை வைத்தே பாதி பேசிவிடுவார்கள். "மேலே", "கீழே", "இறுக்கு", "தப்பு", "நல்லா இருக்கு", இந்த ஐந்து சைகையை முதலில் எல்லாருக்கும் கற்றுக் கொடுத்துவிட்டால் போதும்.

பிறை மாடிவீடு | 6 மார்ச், பகல் 1:30

எட்டுப் பேருக்கும் பணம் கொடுக்கலாமா, நற்சான்றிதழ் போதுமா? கூடு விற்றால் கூட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கலாமா?

குருத்து | 6 மார்ச், இரவு 9:40

பணம். வெளியிலிருந்து வரும் பயிற்றுநருக்கு என்ன கொடுப்பீர்களோ அதே தொகை. சான்றிதழும் கொடுங்கள், ஆனால் அதைப் பணத்துக்கு ஈடாக்காதீர்கள். மக்சிக்கும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

கூட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு வேண்டவே வேண்டாம். நிதானமான கைக்குக் குறைவாகக் கிடைக்கும், அதோடு பக்கத்தில் இருப்பவர் அவரைத் தாமதம் என்று பார்க்கத் தொடங்குவார். விற்றுவரும் காசை மணிக்கணக்கில் பிரியுங்கள், அல்லது மொத்தமும் அடுத்த பட்டறை ஓலைக்கு.

குருத்து | 11 மார்ச், மாலை 6:15

அவிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூட்டில் அரிசி பாதிக்குச் சற்று மேலே. நிறையப் போட்டால் நடுவில் வேகாமல் கல்லாக இருக்கும், குறைத்தால் குழைந்து கொழகொழவென்று ஆகும். கூடு தண்ணீரில் மூழ்கியே இருக்க, நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் அவியுங்கள். மூலையில் அரிசி ஒழுகினால் இறுக்கியது சரியில்லை. கடைசி நுனியை மட்டும் பிடித்து இழுத்தால் ஒரு பக்கம்தான் இறுகும். அடிப்பக்கத்தில் தொடங்கி ஒவ்வொரு மடிப்பாக இழுத்துக்கொண்டே வரவேண்டும். கூடு வாடிப்போனாலும் அவிக்கலாம், பூஞ்சை பிடித்தால் வீசிவிடுங்கள்.

மூன்று சுற்று யாருக்காவது வரவில்லை என்றால் நம் வடக்குப் பக்கத்துப் பாலாஸ் (ஒரு வகை விசிறிப்பனை) இலைக் கெத்துபாட் இருக்கிறது. முக்கோணம், ஒரே இலை. சமோசா மடிக்கத் தெரிந்த கைக்கு உடனே வரும். பெருநாள் நெருங்கினால் சௌராஸ்தா சந்தைப் பக்கம் அந்த இலை கிடைக்கும்.

பிறை மாடிவீடு | 23 மார்ச், மாலை 4:25

முடிந்தது. 24 பேரைக் கூப்பிட்டோம், 31 பேர் வந்தார்கள். நான்கு சரமும் வாசலில் தொங்குகிறது. தவறியவை: மின்விசிறிக்குக் கீழே இருந்த மேசையில் ஓலை அரை மணியில் சுருண்டுவிட்டது. பலகைக் குச்சி இரண்டில் வழவழப்பு, சுற்று நழுவுகிறது. மூன்றாவது மேசையில் ஒரு அக்கா பார்வையற்ற ஆசிரியர் கையிலிருந்து ஓலையை வாங்கித் தானே பின்னத் தொடங்கினார்; ஆசிரியர் அதைத் திரும்ப வாங்கி, பிரித்து, முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார். பெரியவர் மேசையை விட்டுப் பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை. தீபாவளிக்கும் இதே கூடத்தைக் கேட்டிருக்கிறோம்.

குருத்து | 23 மார்ச், இரவு 8:50

குச்சியில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டுங்கள், நழுவாது. விசிறி ஓடும் கூடத்தில் ஓலையை மேசையில் பரப்பக்கூடாது. மேசைக்கு ஒரு மூடி போட்ட டப்பா, உள்ளே ஈரத்துணி, ஒரு தடவைக்கு இரண்டு பட்டை மட்டும் வெளியே. தீபாவளி அக்டோபர் 20. முன்பயிற்சியை 5ஆம் தேதியே வைத்துவிடுங்கள். இந்தத் தடவை அந்த அக்காவையும் ஆசிரியர் குழுவில் சேருங்கள், பார்வையற்ற ஆசிரியரிடமே பயிற்சி எடுக்கட்டும்.